பச்சைப் பொட்டு வைத்த டயர்கள்

1. சாம்பாரில் தொடங்கிய உத்தியோகம்

அரசாங்கம் எனக்குக் கொடுத்த பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஜனங்கள் கொடுத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். முப்பது வருஷ சர்வீஸில் என்னை முதல் பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் சம்பளப் பட்டியல் எழுதிய கிளார்க்கும் என் மாமனாரும்தான். மாமனாரும் கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகு விட்டுவிட்டார்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று இப்போதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ வேண்டும். ஒர்க் ஷாப்பில் கை அழுக்காக வேலை பார்த்ததற்கு சர்டிபிகேட் வேண்டும். லாரி, பஸ் ஓட்டும் ஹெவி லைசென்ஸ் வேண்டும். பரீட்சை, இன்டர்வியூ, கண் டாக்டர் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் புரொபேஷன். அந்த இரண்டு வருஷத்தில் பெயர் கெட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் எல்லாத் தகுதியோடும்தான் எண்பதுகளின் பின்பாதியில் தாம்பரம் பக்கம் வந்து சேர்ந்தேன். பொது அறிவைப் பற்றி மட்டும் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

எஃப்.சி. என்பது ஃபிட்னஸ் சர்டிபிகேட். லாரி, வேன், ஆட்டோ எதுவாக இருந்தாலும், வாடகைக்கு ஓடும் வண்டி வருஷா வருஷம் எங்களிடம் வந்து, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று கையெழுத்து வாங்கிப் போக வேண்டும். ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பொட்டல் மைதானத்தில்தான் டெஸ்ட். மெஷின் எதுவும் கிடையாது. தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. முதல் கோட்டில் பிரேக்கை மிதித்தால் இரண்டாவது கோட்டுக்குள் வண்டி நிற்க வேண்டும்.

"உன் கால்தான்யா மெஷின். அதை நம்பு" என்றார் என் மேலதிகாரி ராமானுஜம் சார். ரிட்டையர் ஆக மூன்று வருஷம் பாக்கி இருந்த சீனியர் இன்ஸ்பெக்டர். மூக்குப்பொடி போட்டுவிட்டுத்தான் எந்த உண்மையையும் சொல்வார்.

முதல் வண்டி ஒரு மணல் லாரி. டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நானே ஓட்டினேன். வேகம் பிடித்தேன். முதல் கோடு வந்ததும் மெஷினை நம்பி ஓங்கி மிதித்தேன். லாரி நின்றுவிட்டது. சீட்டுக்குப் பின்னால் மேலே வைத்திருந்த டிரைவரின் டிபன் கேரியர் நிற்கவில்லை. அது என் தோள் வழியாக மடியில் இறங்கி, அன்றைக்குத்தான் போட்ட புதுக் காக்கிச் சட்டையில் முருங்கைக்காய் சாம்பாரை ஊற்றியது.

"பிரேக் சூப்பரா கீது சார்" என்றார் டிரைவர். முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். பாஸ் போட்டேன்.

2. எங்கேயோ பார்த்த டயர்

மைதானத்து வாசலில் பாபுவின் பஞ்சர் கடை. பாபு என்னைவிட நாலைந்து வயது பெரியவன். சார் என்று மரியாதையாகத் தொடங்கி நீ என்று முடிப்பான்.

"சார், டீ சாப்டு. வெயில்ல காஞ்சிகினே இருந்தா மயக்கம் வந்துடும் உனுக்கு."

டீ வேண்டாம் என்பேன். வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள் யாரிடமும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது ராமானுஜம் சாரின் சட்டம்.

சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஒரு வேனின் பின் டயரைக் குனிந்து பார்த்தேன். நல்ல பட்டன், ரப்பர் வரி தேயாமல் புதுசு மாதிரி. பக்கவாட்டில் மட்டும் முக்கோணமாக ஒரு சின்ன வெட்டு. இந்த வெட்டை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. போன வாரம் இதே அளவு டயர் போட்ட ஒரு டெம்போவில் பார்த்திருந்தேன். அதற்கு முந்தின வாரம் ஒரு பால் வண்டியில்.

விசாரித்தபோதுதான் அந்த மைதானத்து வழக்கமே புரிந்தது. பாபுவிடம் நாலு நல்ல டயர் ஒரு செட்டாக இருந்தது. அதற்கு எஃப்.சி. செட் என்றே பெயர். மொட்டை டயரோடு வரும் வண்டி பாபு கடை ஓரம் நிற்கும். மொட்டைகளைக் கழற்றிவிட்டு எஃப்.சி. செட்டை மாட்டுவான். டெஸ்ட் முடிந்து வெளியே வந்ததும் திரும்ப மொட்டைகளே ஏறிவிடும். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவது மாதிரி. கூடவே ஒரு முதலுதவிப் பெட்டியும் வாடகைக்கு உண்டு. ஒரே டிஞ்சர் பாட்டிலுக்கு நான் முப்பது தடவை டிக் போட்டிருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டிப்ளமோ படித்தவனை ஒரு பஞ்சர் கடைக்காரன் ஏமாற்றுவதா? அன்றே ராமானுஜம் சாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்து நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஆசை. அடுத்த முறை அந்த செட் வந்தபோது, வீட்டு கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை பெயிண்டை ஒரு சின்னக் குப்பியில் கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது நாலு டயரின் உள்பக்கமும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன்.

திட்டம் இதுதான். பொட்டு வைத்த டயர் எத்தனை வண்டியில் வருகிறது என்று எண்ண வேண்டும். பத்து சேர்ந்ததும் மொத்தமாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை சந்தேகம் வராமல் இருக்க, பொட்டு வந்த வண்டிக்கெல்லாம் பாஸ் போட்டேன். டயர் நல்ல டயர்தானே என்று மனசாட்சிக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அதே வண்டிகள் வாசலைத் தாண்டியதும் மொட்டை டயரோடு ரோட்டுக்குப் போவதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

3. பொட்டு பரவியது

ஏழாவது வண்டிக்குப் பிறகு, பொட்டு வைத்த டயர்கள் திடீரென்று அதிகமாயின. ஒரே நாளில் மூன்று வண்டி. அடுத்த நாள் ஆறு. குனிந்து பார்த்தால் பச்சைப் பொட்டு இருக்கிறது, டயர் வழுக்கை. ஒரு ஆட்டோவில் மூன்று சக்கரத்துக்கும் வெளிப்பக்கமே பெரிய பொட்டு. ஒரு பக்திமான் அதற்குக் கீழே குங்குமமும் வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். டயரைக் கழற்றும்போது பாபு பொட்டைப் பார்த்திருக்கிறான். பொட்டு வைத்த டயர் ஒன்றுகூட ஃபெயில் ஆகவில்லை என்பதையும் கவனித்திருக்கிறான். பச்சை என்றால் போகலாம் என்று சிக்னலிலேயே இருக்கிறதே. இன்ஸ்பெக்டர் ரகசியமாக வைத்துக்கொண்ட அடையாளம் இது, பொட்டு இருந்தால் பாஸ் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் கனமான டயர்களை எதற்குத் தூக்கி மாட்ட வேண்டும்? ஒரு பிரஷ் போதுமே. அனகாபுத்தூரிலிருந்து வந்த லாரிக்காரர்கூட வீட்டிலேயே பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்.

நான் வழுக்கை டயர்களை எல்லாம் ஃபெயில் போட்டேன். அது இன்னும் வம்பாகிப் போனது. பொட்டு வைத்தும் ஏன் ஃபெயில் என்று புரியாமல், ரேட்டு ஏறிவிட்டது போலிருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் மேலிடத்துக்கு மொட்டைக் கடிதாசு போய்விட்டது. பச்சைப் பொட்டு வைத்து வண்டி பாஸ் செய்யும் இன்ஸ்பெக்டர் என்று என் பெயரோடு.

ராமானுஜம் சார் கடிதத்தின் நகலை என்னிடம் கொடுத்தார். பொடி போட்டார்.

"பொட்டு நீ வெச்சதா?"

"முதல் நாலு மட்டும் நான் வெச்சது சார்."

"மடையா" என்றார். பொடி டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் இன்னும் நாலு திட்டு திட்டியிருந்தால் பயம் குறைந்திருக்கும். புரொபேஷன் முடிய ஐந்து மாதம் இருந்தது. வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்த்துவிட்டார்கள்.

4. சாட்சி

விசாரணைக்கு ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மே மாதம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எஃப்.சி. வாங்க ஸ்கூல் வேன்கள் வரிசை கட்டி நிற்கும் நேரம். அவர் ஜீப்பிலிருந்து இறங்கி வரிசையில் நடந்தார். ஒவ்வொரு வண்டியாகக் குனிந்தார். எங்கே பார்த்தாலும் பச்சை. என் கால் நடுங்கியது. அந்த நேரத்தில் அதை மெஷின் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

நான் நடந்ததைச் சொன்னேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. டயரைப் பிடிக்கப் பொட்டு வைத்தேன், ஊரே பொட்டு வைத்துக்கொண்டது என்று சொன்னால் யார் நம்புவார்?

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா வரிசையை விலக்கிக்கொண்டு வந்தார். சேலையூரில் ஸ்கூல் வேன் வைத்திருந்தவர். அவரே ஓட்டுவார். அந்த நாளில் வேன் ஓட்டும் பெண்ணை வேடிக்கை பார்த்தே நாலு சைக்கிள்காரர்கள் கேம்ப் ரோட்டில் விழுந்திருக்கிறார்கள். வேன் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வேனை நான் இரண்டு தடவை ஃபெயில் போட்டிருந்தேன்.

"சார், நீங்கதான் பெரிய ஆபீஸரா? இந்த ஆளைக் கொஞ்சம் என்னான்னு கேளுங்க. முதல் தடவை வந்தேன், டயர் வழுக்கை, பிரேக் இடது பக்கம் இழுக்குதுன்னு ஃபெயில் பண்ணாரு. சரின்னு போனேன். பொட்டு வெச்சா பாஸ்னு பாபு சொன்னான். நாலு சக்கரத்துக்கும் வெச்சேன், ஸ்டெப்னிக்கும் சேர்த்து வெச்சேன். மறுபடியும் ஃபெயில்! அப்புறம் எதுக்கு சார் பொட்டு? ஊரை ஏமாத்துறதுக்கா? ஜூன்ல ஸ்கூல் திறக்குது. நான் பசங்கள தலையில தூக்கிட்டுப் போறதா?"

அதிகாரி அவரையே பார்த்தார். "பொட்டு வெச்சும் ஃபெயிலா?"

"நான் மட்டுமா? இதோ நிக்கிறாங்க பாருங்க, எல்லாரையும் கேளுங்க!"

கேட்டார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என்னைத் திட்டினார்கள். பொட்டு வைத்தேன் சார், ஃபெயில் பண்ணிட்டாரு சார். கொஞ்சம்கூட ஈவு இரக்கம் இல்லாத மனுஷன் சார். வாழ்நாளில் அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை. ராமானுஜம் சார் திரும்பி நின்று பொடி போட்டார். அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி என் ஃபெயில் ரிஜிஸ்டரைப் புரட்டி, வண்டி நம்பர்களைச் சரிபார்த்தார். பிறகு என்னை ஒரு வேன் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், டயரின் பக்கவாட்டைக் காட்டினார்.

"இது என்ன?"

"சீரியல் நம்பர் சார்."

"கம்பெனிக்காரனே டயருக்கு டயர் தனி நம்பர் அச்சுக் குத்தி அனுப்பியிருக்கான். அதை ஒரு நோட்டுல எழுதினா ரெண்டாவது வண்டியிலேயே பிடிச்சிருக்கலாம். உங்களுக்கு எதுக்குங்க பெயிண்ட்?"

டிப்ளமோவில் அந்த நம்பரைப் பற்றி ஒரு பாடமே இருந்தது. நான் அதில் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.

தண்டனை அன்றே நிறைவேறியது. மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொடுத்து, வரிசையில் நின்ற அத்தனை வண்டியின் பொட்டையும் என்னையே அழிக்கச் சொன்னார். ஸ்டெல்லா அக்கா தன் வேன் முறை வந்தபோது, "ஸ்டெப்னிய மறந்துடாதீங்க சார்" என்றார்.

5. கேம்ப் ரோடு

அன்று முதல் ஒவ்வொரு டயரின் நம்பரையும் எழுதினேன். ஒரே நம்பர் இரண்டாவது வண்டியில் வந்தால் அங்கேயே ஃபெயில். நான் நம்பர் எழுதுவதைப் பார்த்த பிறகு எஃப்.சி. செட்டை வாடகைக்குக் கேட்க யாரும் துணியவில்லை; இரண்டே வாரத்தில் பாபுவின் தொழில் படுத்துவிட்டது.

மே கடைசியில் ஸ்டெல்லா அக்கா மூன்றாவது தடவையாக வந்தார். வேனை நானே ஓட்டினேன். முதல் கோட்டில் மிதித்தேன், இரண்டாவது கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நேராக நின்றது. இடது பக்கம் இழுக்கவில்லை. இறங்கி டயரைக் குனிந்து பார்த்தேன். முக்கோண வெட்டு. உள்பக்கம், என் வீட்டு கேட்டின் பச்சை.

"இது பாபுவோட செட்டாச்சே!"

"ஆமா சார். இனிமே இத வெச்சிகினு நான் இன்னா பண்றதுன்னு என் தலையில கட்டிட்டான். சொந்தமா வாங்கிட்டேன்."

"நிஜமாவா?"

"மாதா மேல சத்தியம் சார்."

நோட்டைப் பார்த்தேன். நான் எழுத ஆரம்பித்த பிறகு அந்த நாலு நம்பரும் வேறு எந்த வண்டியிலும் வரவில்லை. டயர் நன்றாக இருக்கிறது. பிரேக் நன்றாக இருக்கிறது. ஃபெயில் போட எனக்கு ஒரு காரணமும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். வேன் வாசலைத் தாண்டும்போதுதான் உறைத்தது. இதே டயர்களை இதற்கு முன் எத்தனை தடவை இதே வாசல் வழியாக அனுப்பியிருக்கிறேன்! அவை எல்லாம் பாபு கடை வரைக்கும்தான் போயின. இந்த வேனில் ஏறப்போவது குழந்தைகள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, சேலையூர் கேம்ப் ரோட்டில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் போய் நின்றேன். வேன் வந்தது. உள்ளே பிதுங்கும் அளவுக்குப் பிள்ளைகள். கையைக் காட்டி நிறுத்தினேன். நோட்டைப் பிரித்துக்கொண்டு, அயர்ன் செய்த காக்கியோடு நடுரோட்டில் மண்டியிட்டேன். முன் டயர் இரண்டும் சரி. பின் டயருக்காகப் படுக்கவே வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

ஸ்டெல்லா அக்கா தலையை வெளியே நீட்டினார். "என்ன சார், ரோட்ல விழுந்து கும்பிடுறீங்க?"

நாலாவது டயரின் கடைசி எண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். நாலும் அதே நம்பர். சட்டையெல்லாம் புழுதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி விழுந்தது என்று சொன்னேன்.

"ஒண்ணுமில்லக்கா. போங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பார்த்ததை ரிஜிஸ்டரில் எழுதுங்கள், ரகசியமாக அடையாளம் வைக்காதீர்கள். சர்டிபிகேட் கொடுத்த பிறகு, முடிந்தால் ஒரு நாள் காலையில் ரோட்டில் போய் நின்று, நீங்கள் பாஸ் போட்ட வண்டியில் யார் போகிறார்கள் என்று பாருங்கள். அன்றைக்குப் பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.