கூடத்து டிவியில் சர்வர்

என் மகன் கனடாவில் இருக்கிறான். அவனுடைய சர்வர் கோயமுத்தூரில், கணபதியில், என் வீட்டில் இருக்கிறது. சர்வர் என்றதும் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ரேடியோப் பெட்டி உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, பின்னால் நாலு ஒயர், அவ்வளவுதான். பேத்தியின் படங்களும் வீடியோக்களும் அதற்குள் கிடக்கின்றன. ஊரான் கம்பெனியிடம் என் பிள்ளையின் படத்தைக் கொடுக்க மாட்டேன் என்று வீராப்புப் பேசி, போன முறை வந்தபோது அவனுடைய பழைய அறையில் அதை வைத்துவிட்டுப் போனான்.

"ஏங்கண்ணு, உன்ற ஊட்டுலயே வெச்சுக்கறதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"அங்க வாடகை ஊடுங்கம்மா, மாறிட்டே இருக்கறோம். இங்க நெட்டு நல்லா வருது, இன்வெர்ட்டர் இருக்குது, நீங்களும் இருக்கறீங்க."

வரிசையைக் கவனித்தேன். இன்வெர்ட்டருக்கு அடுத்தது நான்.

போகட்டும் என்று விட்டேன். மோட்டார் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். நாள் முழுக்க மோட்டார் இரைச்சலிலேயே இருந்து பழகிய காது. அவனுடைய அப்பாவும் போன பிறகு வீட்டில் சத்தம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. இந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன ஃபேன் ஓடுகிறது. அந்த அறையைக் கூட்டும்போது அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இந்தாங்க பாப்பாகிட்டப் பேசுங்க. பாப்பா ஒரு பொம்மையைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாள். பிறகு ஆளில்லாத சோபா தெரியும். "சரிங்கம்மா, வெச்சர்றேன்." எனக்குக் கோபம் கோபமாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது. மிச்ச நாளெல்லாம் அந்த ஃபேன் சத்தம்தான்.

அன்றைக்கு வேலை நாள். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து போன். ஞாயிறு அல்லாத நாளில் போன் வந்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

"பயப்படாதீங்கம்மா. என்ற ரூம்ல அந்தப் பெட்டி ஓடுதான்னு சித்த பாருங்க."

லைட் எரிந்தது, ஃபேனும் ஓடியது. அங்கிருந்தபடியே ஏதோ அப்டேட் போட்டு, பெட்டியை அணைத்து எழுப்பியிருக்கிறான். அது எழுந்திருக்கவில்லை. அவனால் உள்ளே நுழையவும் முடியவில்லை.

"நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்குக் கண்ணு நோண்டுனே?"

"பாதுகாப்புக்குப் போட்டே ஆகோணுங்கம்மா."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

பெட்டிக்குத் திரை கிடையாது. அதனால் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். டிவிக்குப் பின்னால் கேபிள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி இதில் செருகச் சொன்னான். பரணில் ஏறிப் பழைய கீபோர்டை எடுத்து, துடைத்து மாட்டினேன். வீடியோவைப் போட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து, அவனுக்கு டிவியும் எனக்கு அவன் முகமும் தெரியும்படி வைத்தேன். நான் சீரியல் பார்க்கும் டிவியில் கறுப்புத் திரை நிறைய வெள்ளை எழுத்து. கடைசி வரியை வாசித்தேன். கெர்னல் பேனிக் என்று இருந்தது.

"கெர்னல்னா என்ன கண்ணு?"

"மெஷினோட மூளைன்னு வெச்சுக்கங்கம்மா. அதுலதான் புதுசு போட்டேன்."

"மூளை பயந்துபோச்சாக்கும்? வேப்பிலை அடிச்சு, கவுறு மந்திரிச்சுக் கட்டட்டுமா?"

"அம்மா, வெளையாடாதீங்க," என்றான். ஆனால் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மணி கறிவேப்பிலை கொடுக்க வந்தாள். வாசலில் நின்றபடியே டிவியைப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, டிவி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க அம்மணி. பையங்கூடப் பேசிட்டிருக்கறேன்," என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

பெட்டியை அணைத்து மறுபடி போட்டு, அது எழும் நேரத்தில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். "இப்ப அமுக்குங்கம்மா" என்று அவன் சொல்வான். அந்தக் குரல் கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும். மறுபடியும் பேனிக். இப்படியே பல தடவை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீ சித்த வாயை மூடு சாமி," என்று சொல்லிவிட்டு, சுவிட்சைப் போட்டதிலிருந்தே அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு பட்டியல் வந்தது. புதியதைப் போட்டாலும் பழைய கெர்னலையும் பெட்டி தூக்கி எறியாமல் வைத்திருக்குமாம். புதியது காலை வாரினால் பழையதை வைத்து எழுந்துகொள்ளலாம். அம்புக்குறியைக் கீழே தள்ளிப் பழையதைத் தேர்ந்தெடுத்து அமுக்கினேன். எழுத்துகள் விறுவிறுவென்று ஓடி நின்றன. கீழே ஒரு எண்ணும் நூற்றுக்கு இத்தனை என்ற குறியும்.

"திடீர் திடீர்னு அணைச்சதுல டிஸ்க்கைச் சரிபார்க்குதுங்கம்மா. இது முடியற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. நம்பர் இங்க சரியாத் தெரியலை, எங்கயாவது நின்னுட்டா சொல்லுங்க."

எண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டால் நான்தான் சொல்ல வேண்டும். ஆகவே அவனால் போனை வைக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். பாப்பா தூங்குகிறாள், அதனால் வீட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில். வேலை நேரமும் அங்கேதானாம். "ஆபீசுக்குப் போறதே இல்லீங்கம்மா. சில நாள் பாப்பா ஸ்கூல்ல இருந்து வர்ற வரைக்கும் வாயைத் தொறக்கறதே இல்ல." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். நானும் அப்படித்தான் கண்ணு என்று சொல்ல வந்தவள், ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

அரிசிம்பருப்பு சாதம் செய்தால் குழைந்துபோகிறது என்றான். தண்ணீரைக் குறை, பூண்டைத் தட்டாமல் முழுசாகப் போடு என்றேன். தொண்டாமுத்தூரில் என் தங்கச்சி தோட்டத்துக்குள் யானை வந்து, வாழையையெல்லாம் விட்டுவிட்டு, அவள் கொடியில் காயப்போட்டிருந்த சேலையை இழுத்துக்கொண்டு போன கதையைச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சித்தி என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டான். "யானையை வைதா. அது பட்டுச் சேலையாக்கும்," என்றேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டிவியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. மருதமலை முருகா, இது கொஞ்சம் மெதுவாக ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முருகன் அன்றைக்கு வேறு வேலையாக இருந்தார் போலிருக்கிறது.

எண் நூறைத் தொட்டது. பெட்டி எழுந்தது. அவனும் அங்கிருந்து உள்ளே நுழைந்துவிட்டான். அதன் பிறகு அவன் கண் என்மேல் இல்லை, அவனுடைய திரையில்தான்.

"கண்டுபிடிச்சுட்டேங்கம்மா. பழைய கெர்னலா சேர்ந்து எடமே இல்ல. அதான் புதுசு முழுசா உக்காரலை. ஒண்ணை விட்டுட்டு மத்ததையெல்லாம் தொடச்சுப்போட்டேன்." புதியதை மறுபடி போட்டான். இந்த முறை பெட்டி ஒழுங்காக எழுந்தது. "உங்களை நெம்ப அலைய வெச்சுட்டேன். இனி இந்தத் தொந்தரவு வராதுங்கம்மா, ஏற்பாடு பண்ணிடறேன்."

"எனக்கென்ன கண்ணு தொந்தரவு," என்றேன். அதற்குள் வைத்துவிட்டிருந்தான்.

பெட்டியை அறைக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். கெட்டுப்போகட்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் அதன் லைட்டைத்தான் பார்ப்பேன். எரிந்துகொண்டிருக்கும்.

சில வாரம் கழித்துக் கூரியரில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கருவி வந்தது. எந்த ஒயரை எங்கே செருகுவது என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். இதை மாட்டிவிட்டால் பெட்டியின் திரையை அவன் அங்கிருந்தே பார்க்கலாம், பொத்தானை அமுக்கலாம், அணைக்கலாம், எழுப்பலாம். "இனி நீங்க எதையும் தொடவே வேண்டியதில்லீங்கம்மா." எவ்வளவு கரிசனம். கம்பெனியிலாவது ஓய்வுபெறும்போது மாலை போட்டு அனுப்பினார்கள். இந்த வேலையிலிருந்து என்னை நிறுத்தும் கருவியை நானேதான் மாட்டினேன். டிவிக்கும் அதிலிருந்தே ஒரு ஒயர் போனது.

'டெஸ்ட் பண்றேன்' என்று மெசேஜ் வந்தது. போன் வரவில்லை. டிவியைப் போட்டுக்கொண்டு, கீபோர்டை மடியில் வைத்து உட்கார்ந்தேன். பெட்டி தானாக அணைந்தது, தானாக எழுந்தது. அன்றைக்கு நான் அத்தனை பாடுபட்டு வரவழைத்த பட்டியல் தானாக வந்தது. யாரும் தொடாமலே வெள்ளைக் கோடு கீழே இறங்கியது, மேலே ஏறியது. எழுத்துகள் ஓடின. கடைசியில், நீ யார் என்று பெயர் கேட்கும் இடத்தில் வந்து நின்றது. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது.

இந்தத் திரையைத்தான் இப்போது அவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில், 'சாப்ட்டியா கண்ணு' என்று அடித்தேன்.

அது அங்கேயே நின்றது. பிறகு கடைசி எழுத்து அழிந்தது. அதற்கு முந்தையதும். பின்னாலிருந்து ஒவ்வொன்றாக என் எழுத்து முழுவதும் அழிந்து, அதே இடத்தில் வேறு எழுத்துகள் வந்தன.

'சாப்ட்டேம்மா. கைய எடுங்க, லாகின் பண்ணோணும்.'

கையை எடுத்தேன்.