கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

வெள்ளிக்கிழமை காலை அம்மன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மல்லிகா வாசலில் வந்து நின்றாள். "தேசம்மாக்கா பூட்டாங்கடி. டீ குடிச்சிட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். பாதிப் பூவோடு ஓடினேன்.

நம் குப்பத்தில் அவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போன தாய்மார் நீங்கள் இதைப் படிப்பீர்கள். நான் அவரிடம் வந்து சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியாது. சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.

என் மாமியாருக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது என் மகள் பவிக்கு ஒன்றரை வயது. வாரம் மூன்று நாள் மாமியாரைப் பொன்னேரிக்கு நான்தான் அழைத்துப் போக வேண்டும். பிள்ளையை யார் வீட்டில் விடுவது? கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு இரண்டு வீடுகளைப் பார்க்கப் புறப்பட்டேன்.

தேசம்மாக்கா வீட்டு ஓலைப் படல் கதவு உட்பக்கம் கட்டியிருந்தது. உள்ளே நான்கு பிள்ளைகள். அவர்களைப் பார்த்தபடி, கடலுக்கு முதுகு காட்டி அவர். கூப்பிட்டேன்; திரும்பவில்லை.

"யாரா இருந்தாலும் அப்பால வா. இப்ப படலைத் தொறக்க மாட்டேன்."

"அக்கா, புள்ள உடறதைப் பத்திப் பேசணும். கேள்வில்லாம் எழுதிக்கினு வந்துகீறேன்."

"நோட்டு வேறயா? நான் இன்னா ரேஷன் கடையா நடத்துறேன்? போட்டுங்கல்லாம் கரையேறட்டும், அப்புறமா வா."

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே நின்று 'மரியாதை தெரியாதவர்' என்று எழுதி, அவர் பெயரை அடித்தேன்.

பவியை இரண்டாவதாகப் பார்த்த மாடி வீட்டில் விட்டேன். டைல்ஸ் தரை, மின்விசிறி, சிரித்த முகம். என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அங்கே சரியான பதில் கிடைத்தது. மூன்றாம் நாள் மாமியாரின் மருத்துவச் சீட்டை மறந்துவிட்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்தேன். படகுகள் கரையேறும் நேரம். மாடி வீடு திறந்து கிடந்தது. அந்த அம்மா ஏலத்தில் மீன் எடுக்கப் போயிருந்தார். கரையில் ஊரே நின்றது. எல்லோர் பார்வையும் கூடைகள் மேல். கூட்டத்துக்குப் பின்னால், அலை வந்து போகும் ஈர மணலில், இடுப்புவரை நனைந்து பவி உட்கார்ந்திருந்தாள். தூக்கியபோது அவள் சிரித்தாள்.

நேராக அந்தப் படலின் முன்னால் போய் நின்றேன். தேசம்மாக்கா படலுக்கு மேலாகக் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். படலை அன்றும் திறக்கவில்லை.

"நீ போயி உங்கத்தைய பஸ் ஏத்து. போட்டு வர நேரத்துல எல்லார் கண்ணும் மீன் மேல பூடும். அப்பதான் புள்ள மேல ஒரு கண்ணு வோணும்" என்றார்.

அதனால்தான் அவர் வீட்டுக் குழம்பில் நல்ல மீன் இருந்ததில்லை. ஏலம் முடிந்து கழித்துப் போட்டதைத்தான் வாங்குவார். நான் மடவை மீன் குழம்பு கொண்டுபோனால், முள்ளெடுத்துப் பிள்ளைகளுக்கே ஊட்டிவிடுவார்.

ஒருமுறை அம்மன் கோயில் தீபாராதனையில், பவியை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மூடி உருகி நின்றேன். விலாவில் ஓர் இடி, பக்கத்தில் தேசம்மாக்கா. "கண்ணத் தொறந்துக்கினு கும்புடு. அவ கோச்சிக்க மாட்டா, அவளும் புள்ளைங்களப் பாக்குறவதான்."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அக்காவைத் தூக்கும் நேரம். ஊரே அவர் முகத்தைப் பார்த்து அழுதது. நானும்தான். அப்போது அந்த இடி நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். படல் திறந்து கிடந்தது. அவர் அப்போது பார்த்துவந்த நான்கு பிள்ளைகளில் மூன்றுதான் முற்றத்தில் இருந்தன. நான்காவது, மணல்மேட்டைத் தாண்டிக் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கி வந்தேன். படலை இழுத்துக் கட்டினேன். கூட்டத்துக்கு முதுகு காட்டி, பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த உட்காரும் விதம்தான். அதனால் பாடை கிளம்பியபோது கடைசியாக ஒருமுறை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார்.