பலாத்தோப்பு மேட்டில் ஜென்னும் அம்பாசிடரும்

இன்று காடாம்புலியூர் தோப்பில் எனக்கும் தம்பிக்கும் பந்தயம். என் பழைய பெட்ரோல் ஜென் காரா, அவனுடைய டீசல் அம்பாசிடரா?

இரண்டு டிக்கியிலும் பலாப்பழம். எதிரே மழையில் ஊறிய செம்மண் மேடு. ஏறாதவர்தான் கையெல்லாம் பால் பிசுபிசுக்க அத்தனை பழத்தையும் அறுக்க வேண்டும்.

அம்பாசிடரை இழுப்பது பின்சக்கரம். பழத்தின் பாரம் அதை அழுத்த, புகை கக்கியபடி ஏறிவிட்டது.

ஜென்னை இழுப்பது முன்சக்கரம். பாரமெல்லாம் பின்னால் போனதால் அது நின்ற இடத்திலேயே சுற்றியது.

"அக்கா, கத்திய எடுத்து வெச்சிடவா?" என்றான்.

விடுவேனா? வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் விட்டேன். இப்போது முன்சக்கரம் கீழ்ப்பக்கம், சரிவில் வண்டியின் எடை அதன்மேல் சாய்ந்தது. சர்ரென்று ஏறிவிட்டது!

"ரிவர்ஸ்ல வந்தா செல்லாதுக்கா!"

"மேல வந்தேனா இல்லியாடா?"

நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். சீக்கிரம், என் கையில் எண்ணெய் தடவ ஆரம்பித்துவிட்டான்.