பார்ட்டிக்குப் போன அப்பா

“தாத்தா, ஞாயித்துக்கிழமை பார்ட்டிக்கு வந்துடுங்க” என்று பேத்தி போனில் கூப்பிட்டாள். அவளுடைய பிறந்தநாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கோ பழைய ஊர்தான் நினைவுக்கு வந்தது.

கீழ்வேளூர் பக்கம் நாங்கள் குடியிருந்த தெருவில் பார்ட்டி என்றால் செங்கொடிக் கட்சி. நிலத்தரகருக்கு, வயலை வாங்க வருகிறவர் பார்ட்டி. வக்கீல் குமாஸ்தாவுக்கு, வழக்கில் மாட்டிக்கொண்ட நாங்கள் பார்ட்டி. அம்மாவுக்கு மட்டும் பார்ட்டி என்றால் அப்பா வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

கூலியை உயர்த்தச் சொல்லி அறுவடையை நிறுத்திய வருஷம் அது. பண்ணையாரின் காரியக்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “உன் புருஷன் பார்ட்டியோட போயிட்டானா?” என்று கேட்பார்.

“வீட்டுலதான் தூங்குறாருங்க” என்பாள் அம்மா. ஆண் இல்லாத வீடு என்று தெரிந்தால் அடியாட்கள் புகுந்துவிடுவார்கள். அதற்காகவே தினமும் காலையில் அப்பாவின் நீலச் சட்டையை நனைத்துப் பிழிந்து வாசலில் காயப்போடுவாள். யாரும் போடாமலே அந்தச் சட்டை வெளுத்துப்போனது.

அப்பாவை வாய்க்கால் கரையில் வெட்டிப் போட்டுவிட்டார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலும் அம்மா அந்தச் சட்டையை நனைத்துக் காயப்போட்டாள்.

“பார்ட்டி முடிஞ்சு எப்பம்மா வீட்டுக்கு வருவே?” என்று போனில் பேத்தியிடம் கேட்டேன்.

பேத்தி சிரித்தாள். “வீட்டுலதான் தாத்தா பார்ட்டியே.”