எனக்காக விழுந்தவர்கள்

டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார். பூங்காவை வட்டமடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஐம்பத்தாறாவது வயதில் ஜூடோ கிளப்பில் சேர்ந்தேன். இப்போது எனக்கு அறுபத்து நான்கு. எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தின் மாடியில், செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மெத்தை விரிப்போம். மற்றவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்.

அங்கே எல்லாருக்கும் நான் அங்கிள். ஆடுவதற்கு முன் எதிரெதிரே நின்று குனிந்து வணங்குவது ஜூடோ வழக்கம். என் எதிரே வருகிறவர்கள் அதோடு விடமாட்டார்கள். மலாய்ப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்வான். நம் தமிழ்ப் பையன் ஒருவன், பார்மசி படிக்கிறவன், "சாரி ஆ, அங்கிள்" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் என் சட்டையைத் தொடுவான்.

எதிராளியை இடுப்பில் ஏற்றிப் புரட்டிப் போடும் ஒரு வீச்சு எனக்கு நன்றாக வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் திரும்பினால் போதும், தடியன்கள் எல்லாம் பறப்பார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அளப்பேன். அவளும் சோறு போட்டுக்கொண்டே "ம்" கொட்டுவாள்.

போன வருடம் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நாற்பதை நெருங்குகிறவள். அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலை முடிந்து கடல் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவாள். பள்ளிக் காலத்திலிருந்து ஜூடோ ஆடியவள். முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டாள். அங்கிள் கேட்டுப் புளித்த காதுக்கு அது இதமாக இருந்தது. என் வீச்சைக் காட்டலாம் என்று அவளைப் பிடித்துத் திரும்பினேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னண்ணே, தள்ளிப் பாக்குறீங்களா?"

மறுபடி திரும்பினேன். சுவரை இழுத்த மாதிரி இருந்தது. அடுத்த முறை நான் திரும்புவதற்குள் என் காலை வாரி மெத்தையில் கிடத்திவிட்டாள். ஏழு வருடத்தில் என்னை யாரும் அப்படிப் போட்டதில்லை. தண்ணீர் குடிக்கும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"மத்தவங்ககிட்ட வருது. ஒங்கிட்ட மட்டும் ஏம்மா வரல?"

அவள் தயங்கினாள். "அவங்க குதிக்கிறாங்கண்ணே. நீங்க திரும்புறதுக்கு முன்னாடியே குதிச்சிடுறாங்க. தெரியாதா லா?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வாரம் கிளப் பக்கமே போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவனாக நினைத்துப் பார்த்தேன். பார்மசிக்காரன் பறந்து விழுந்துவிட்டு, "அங்கிள், பவர் லா" என்று எழுந்து வருவானே, அதுவும் நாடகம்தானா? அவமானமாக இருந்தது. யோசிக்க யோசிக்க அந்தப் பிள்ளைகள்மேல் பாசமாகவும் இருந்தது. ஒரு கிழவனின் மனம் நோகக் கூடாது என்று ஏழு வருடமாக வந்து போன எல்லாரும் சொல்லி வைத்ததுபோல விழுந்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு உண்மையில் ஜூடோ வருமா, வராதா? அது தெரியாமல் இனி அந்த மெத்தையில் கால் வைக்க முடியாது என்று தோன்றியது.

திரும்பிப் போய் அவளிடமே கேட்டேன். "எனக்காக விழக் கூடாது. சரியா?"

"விழ மாட்டேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

மூன்று மாதம் அவள் விழவில்லை. காலை எங்கே வைக்க வேண்டும், முழங்காலை எவ்வளவு மடக்க வேண்டும் என்று சொல்வாள். நான் எரிந்து விழுவேன். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி வந்து நிற்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை திரும்பினேன், அவளுடைய எடை முழுவதும் என் இடுப்பில் ஏறியது. ஒரு மனிதரின் கனம் இவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. திடுக்கிட்டுக் கையை விட்டுவிட்டேன்.

ஜூடோவில் போடுகிறவன் கடைசி வரை எதிராளியின் சட்டைக்கையை விடக் கூடாது. அந்தப் பிடிதான் அவர் தலையும் தோளும் தரையில் மோதாமல் காப்பாற்றும். எல்லாருக்கும் முதல் மாதமே சொல்லிக் கொடுப்பது அது. எனக்கும் சொன்னார்கள். ஆனால் குதித்து விழுந்த பிள்ளைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். என் கைக்கு அதுவரை வேலையே இருந்ததில்லை.

அவள் தோள் மெத்தையில் இடித்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

கிளினிக்கில் தசைநார் பிசகியிருக்கிறது என்று சொல்லி, கையை மடக்கிக் கழுத்தோடு துணியில் கட்டி, மூன்று வாரம் எம்சி லீவு கொடுத்தார்கள். "உண்மையாவே போட்டுட்டீங்கண்ணே," என்று வலியோடு சிரித்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த செவ்வாய் பிள்ளைகளிடம் கத்தினேன். "இனிமே எவனும் எனக்காக விழக் கூடாது!" பார்மசிக்காரன் கண் கலங்கி நின்றான். "மரியாதைக்குத்தான் அங்கிள்," என்றான். அந்தப் பையன்மேல் கத்தியது தப்பு. அவர்கள் கொடுத்தார்கள், ஏழு வருடம் சந்தேகமே இல்லாமல் வாங்கிக்கொண்டவன் நான். அதையும் அவனிடம் சொல்லி, தோளில் தட்டிக் கொடுத்தேன்.

தோள் சரியானதும் அவள் வந்து என் எதிரே நின்றாள்.

"வேற யாரையாவது புடிம்மா," என்றேன்.

"பயமாண்ணே?"

"ஆமா."

"எனக்கும்தான்," என்று கையை நீட்டினாள்.

பிடித்தேன். எத்தனையோ முறை திரும்பியும் வீச்சு வரவில்லை. வியர்த்து ஊற்றியது. கடைசியில் அந்தக் கனம் மறுபடி இடுப்பில் ஏறியது. அவள் என்னைத் தாண்டிப் போனாள். சட்டைக்கையைப் பிடித்த பிடியில் நானும் அவளோடு சாய்ந்து, முழங்கால் இரண்டும் மெத்தையில் ஊன்றி நின்றேன். கண்ணை இறுக மூடியிருந்தேன் போல. யாரோ என் புறங்கையைத் தட்டினார்கள்.

"அண்ணே, விடுங்கண்ணே," என்றாள் கீழேயிருந்து. "நான் விழுந்து ரொம்ப நேரமாச்சு."