மூச்சு விட்டதற்கு மார்க் கட்

சால்ட் லேக் கால் சென்டரில் எனக்கு வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம் தமிழ். கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்நாட்டில் வாஷிங் மெஷின் கெட்டுப்போனவர்களிடம் திட்டு வாங்க வேண்டும். ஆறு மாதம் ப்ரொபேஷன். தாண்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் பாலிகஞ்ச் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு ரயில். அங்கே அப்பா பி.எட். விண்ணப்பத்தோடு தயாராக இருந்தார்.

ஐந்தாவது மாதம் ஹெச்.ஆர். ஆட்கள் ஓர் இளம் பிக்குவை அழைத்து வந்தார்கள். மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, கட்டாயம். மனிதர் பந்தா இல்லாமல் வங்காள மொழியில் பேசினார். பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சை முழுசாகக் கவனியுங்கள், சொல்லப்போவது உண்மையா என்று பாருங்கள் என்றார். அவ்வளவுதான். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் நம்பித் தொலைத்தேன்.

மறுநாளே திருநெல்வேலியிலிருந்து ஒருவர், மூன்றாவது முறையாக அழைத்தார்.

"ஏம்மா, மெக்கானிக் எப்பதான் வருவான்? எப்ப கேட்டாலும் நாளைக்குன்னே சொல்லுதீய!"

இருபத்து நான்கு மணி நேரத்தில் வருவார் என்று சொல்வதுதான் ஸ்கிரிப்ட். அந்த வாரம் அவர் ஊருக்கு ஆளே இல்லை என்று திரையில் தெரிந்தது. மூச்சை இழுத்தேன், விட்டேன்.

"சார், உண்மையச் சொல்றேன். திங்கக்கிழமை வரைக்கும் உங்க ஏரியாவுக்கு ஆள் கிடையாது."

நன்றி சொல்வார் என்று நினைத்தேன், முட்டாள்.

"அப்போ இத்தன நாளும் பொய்யா சொன்னீய?" என்று கத்தினார். அழைப்பு முடிவில் கேட்கும் ரேட்டிங்கில் ஐந்துக்கு ஒரு மார்க் போட்டுவிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை டீம் லீடர் கூப்பிட்டார். கொல்கத்தாவில் தமிழர்கள் வாழும் லேக் மார்க்கெட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அந்த அழைப்பின் பதிவை ஓடவிட்டார்.

"கேளு. ஏழு செகண்ட் டெட் ஏர்."

வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போது நாம் பேசாமல் இருந்தால் அதற்கு அந்தப் பெயர். ஐந்து விநாடியைத் தாண்டினால் மார்க் கட்.

"தூங்கிட்டியா?"

"இல்லண்ணா, மூச்ச கவனிச்சேன். வகுப்புல சொன்னாங்களே."

"ஆரே பாபா, அது வகுப்புக்கு! கால்ல எதுக்கு பண்ற?"

"அப்புறம் எங்க பண்றது, லிஃப்ட்லயா?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. 'செக் பண்றேன் சார், லைன்ல இருங்க'ன்னு சொல்லு. அப்புறம் எவ்ளோ வேணா மூச்சு விடு."

"செக் பண்ணலையேண்ணா. அதுவும் பொய்தானே?"

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உனக்கு வேலை வேணுமா, நிர்வாணம் வேணுமா?"

ப்ரொபேஷனை மூன்று மாதம் நீட்டித்தார்கள். அழுகை வரவில்லை, கடுப்புதான் வந்தது. மூச்சு விடச் சொல்லி ஆள் கூட்டி வந்ததும் இவர்கள், விட்டதற்கு மார்க் வெட்டியதும் இவர்கள். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. அப்பாவின் பி.எட். விண்ணப்பம் ஞாபகத்துக்கு வந்தது. நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இருக்கைக்கு வந்ததும் சேலத்திலிருந்து ஓர் அம்மா. ஃப்ரிட்ஜ் ரிப்பேர். எப்போது வருவார்கள் என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். வியாழன் வரை யாரும் இல்லை.

"மேடம், ஒரு மூச்சு விட்டுட்டு சொல்றேன்."

"என்னது?"

"மூச்சு மேடம்."

"விடும்மா, யாரு வேணாங்கறா? ஆனா சட்டுனு விடு, ஐஸ் உருகி வீடெல்லாம் தண்ணி."

விட்டேன். வியாழக்கிழமை என்றேன். அவரும் திட்டத் தொடங்கினார்.