நெஞ்சளவுத் தண்ணீர்

மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மாமா மீன் வளர்க்கப் போனதிலிருந்து அப்பா அவரோடு நேராகப் பேசுவதில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "உன் தம்பிக்குக் குழம்பு வேணுமான்னு கேளு" என்பார் அப்பா. "போதும்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா" என்பார் மாமா. இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பதுதான் வேடிக்கை.

சைனிக்புரியைத் தாண்டி ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டிருந்தார் மாமா. அடுத்த வாரம் வலை போடுவதாக ஏற்பாடு. இந்த முறையும் தேறாவிட்டால் பழையபடி வேலை தேடப் போவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வலை போடுவதற்குள் மீன்களைப் பார்க்க வேண்டும் என்று அம்மா அரித்தெடுத்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா எங்களை ஸ்கூட்டரில் அழைத்துப் போனார்.

குளம் முழுக்க வாய்கள். நீர்மட்டத்தில் மீன்கள் மொய்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. "பாவம், பசி போல" என்று அம்மா கரையிலிருந்த தவிட்டை அள்ளினாள். சைவச் சமையலறையில் வளர்ந்தவளுக்கு மீனின் திறந்த வாய் வேறு எப்படித் தெரியும்?

"அக்கா, போடாதே! மூச்சு முட்டுதுக்கா அதுங்களுக்கு!" மாமா இடுப்பளவு நீரில் நின்று மூங்கிலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். நேற்றெல்லாம் வெயிலே இல்லையாம். தண்ணீரில் காற்று குறைந்துவிட்டதாம். மோட்டாரைப் போடலாமென்றால் கரண்ட் இல்லை. தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். ஓரத்தில் ஒரு கட்லா வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. பிறகு இன்னொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா கரையில் விறைத்து நின்றார். பிறகு அம்மாவிடம், "உன் தம்பியைக் கேளு, நடுவுல ஆழம் எவ்வளவுன்னு" என்றார்.

இந்த நேரத்திலுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நெஞ்சளவுன்னு சொல்லுக்கா" என்றார் மாமா. மாமா நல்ல உயரம். அப்பா அவருடைய தோளுக்குத்தான் வருவார்.

அப்பா செருப்பைக் கழற்றினார். "வேண்டாங்க" என்று அம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் உதறிக்கொண்டு இறங்கிவிட்டார். நடுக்குளத்தில் தண்ணீர் அவர் தாடையைத் தொட்டது. முகத்தை அண்ணாந்துகொண்டு கைகளால் படபடவென்று அடித்தார். "நேனு கூட வஸ்தா!" என்று நான் கரையில் நின்று குதித்தேன். நானும் வருகிறேன் என்பதைக்கூட அவசரத்தில் எனக்குத் தெலுங்கில்தான் சொல்ல வரும். அம்மா என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள். அவளுடைய கண் மீன்கள் பக்கம் போகவே இல்லை.

வெயில் ஏறியது. வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. செத்தவை கொஞ்சம்தான். மாமா வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தார். கரையேறிய பிறகும் விடவில்லை.

"போதும் விடு மாப்ள" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மீன்தான் பிழைத்துவிட்டதே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அப்பாவை நச்சரித்தேன், எனக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்லி.

"எனக்குத் தெரிஞ்சாத்தானே" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் சிரித்தேன்.